குளிரிலும் குளிரூட்டி வேண்டும்

சித்திரைப் புத்தாண்டு, பெருநாள் விடுமுறைகள் வந்துவிட்டால் நுவரெலியா நோக்கிச் செல்லும் வாகனங்களுக்குக் குறைவில்லை. றம்பொடை வழியாக வளைந்து ஏறும் வீதியில் மழையும் பனிமூட்டமும் ஒருங்கே சூழும்போது, வாகனத்தின் முன்கண்ணாடியின் உட்புறத்தில் வெண்மை படர்ந்து பார்வையை மறைக்கின்றது. சாரதி ஒரு கையால் சுக்கானைப் பிடித்தவாறு மறுகையால் துணியெடுத்துத் துடைக்கின்றார். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். இவ்வேளையில் குளிரூட்டியை இயக்கினாலே போதும் என்பதை அறிந்தோர் சிலரே. குளிருக்குள் குளிரூட்டி எதற்கு என்று பலரும் அதனை நிறுத்திவிடுகின்றனர்.

வெப்பமூட்டும் பகுதி எளிமையானது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இயக்கமாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாகின்றது. இயந்திரத்தைச் சுற்றியோடும் நீர் சுமார் 90 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அந்நீரின் ஒரு பகுதி, சாரதிக்கு முன்னுள்ள பலகையின் பின்னால் மறைந்திருக்கும் சிறிய றேடியேற்றர் ஒன்றினூடாகச் செல்ல, மின்விசிறி அதன்மீது காற்றைச் செலுத்துகின்றது. எப்படியும் வீணாகப்போகும் வெப்பமாதலால் இதற்கு எரிபொருட் செலவு இல்லையென்றே கூறலாம்.

குளிரூட்டி அத்தகையதன்று. பெரும்பாலான வாகனங்களில் இயந்திரத்தின் பட்டியாற் சுழலும் அமுக்கி, குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சூடாக்குகின்றது. வாகனத்தின் முகப்பிலுள்ள ஒடுக்கியில் அது வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. பின்னர் ஒடுங்கிய துவாரமொன்றினூடாக ஆவியாக்கிக்குள் பாய்ந்து, அமுக்கம் குறைந்த அவ்விடத்தில் மீண்டும் ஆவியாகின்றது. கையில் தடவிய ஓடிக்கொலோன் காயும்போது தோல் குளிர்வதைப் போல, அது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது.

நாம் கவனிக்கத் தவறுவது இங்கேதான். குளிர்ந்த ஆவியாக்கியிற் படும் காற்று தன் ஈரத்தையும் இழக்கின்றது. தரித்துநிற்கும் வாகனத்தின் கீழே சொட்டும் நீர் அதுவே. ஏதோ ஒழுக்கு என்று கராஜுக்கு ஓடுவோரும் உளர்! இவ்வாறு உலர்ந்த காற்று அடுத்ததாக வெப்பமூட்டியைக் கடந்து இளஞ்சூடாகக் கண்ணாடியிற் படும்போது, பனிப்படலம் ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடும். ஆகவே குளிரூட்டி, வெப்பமூட்டி இரண்டையும் ஒன்றாக இயக்கி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பவேண்டும். உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை நிறுத்திவிடுவதும் அவசியம். பத்துப் பேர் அமர்ந்த வானுக்குள் அவர்களது மூச்சின் ஈரமே மீண்டும் மீண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சேர்ந்துவிடும் காபனீரொட்சைட்டு சாரதிக்கு உறக்கத்தையும் வரவழைக்கலாம். கொழும்பின் புழுக்கத்தில் கண்ணாடியின் வெளிப்புறத்தே படியும் ஈரம் வேறு. அதனை வைப்பர் துடைத்துவிடும்.

தானியங்கிக் கட்டுப்பாடுள்ள வாகனங்களில் வெப்பநிலையை உணரும் கருவிகளே சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் வேண்டிய அளவிற் கலந்துவிடுகின்றன. ஆயினும் நிறுத்திய வாகனத்தில் இவற்றை இயங்கவிட்டு உறங்கும் பழக்கம் ஆபத்தானது. புகைக்குழாயில் வெடிப்பிருந்தாலோ, மூடிய கராஜுக்குள் வாகனம் நின்றாலோ காபனோரொட்சைட்டு உள்ளே புகலாம். நிறமோ மணமோ அற்ற அவ்வாயு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் குருதியின் ஈமோகுளோபினோடு இணைந்துகொள்ளும். இயந்திரம் ஓய்ந்திருக்கின்றதே என்று ஹைபிரிட் வாகனத்தில் உறங்குவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். குளிரூட்டிக்கு மின்சாரம் தேவைப்படும்போது அவ்வியந்திரம் தானாகவே இயங்கத் தொடங்கும்.

தலைவலியும் தலைச்சுற்றும் குமட்டலுமே இந்நஞ்சின் முதல் அறிகுறிகள். மலைவீதிப் பயணத்தில் இவை வழமைதானே என்று எண்ணி உறங்கிவிடுவோர் எழுவதில்லை. வாகனத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் இவ்வாறு முறையிட்டால், இயந்திரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றுக்கு அழைத்துவந்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.