காகிதக் கணக்கும் சாலைக் கணக்கும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கார் வாங்கும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. முன்பு ஊருக்கு ஒன்றோ இரண்டோ என்றிருந்த கார், இன்று ஆசிரியர் வீட்டு முற்றத்திலும், சிமெண்ட் ஆலைத் தொழிலாளியின் வாசலிலும், மகன் அயல்நாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தால் தலைநிமிர்ந்த உழவர் இல்லத்திலும் நிற்கக் காண்கிறோம். இதனை ஆடம்பரம் என்று பழிக்க நாம் முன்வரவில்லை. பேறுகாலத் தாயையோ, மூச்சுத் திணறும் முதியவரையோ நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கிராமத்துக் குடும்பத்திற்குக் காரின் அருமை நன்கு தெரியும்.

ஆனால் கார் வாங்குவது ஒரு நாள் செலவு. அதனை ஓட்டுவதோ ஒவ்வொரு நாள் செலவு. விலையைக் கேட்டவுடன் நம்மவர் கேட்கும் அடுத்த கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" என்பதே. மைல் கணக்கு நம் சாலைகளை விட்டுப் போய்ப் பல்லாண்டுகளாகியும், அந்தச் சொல் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை! விற்பவர், "லிட்டருக்கு 24 கிலோமீட்டர்" என்கிறார். அச்சிட்ட தாளிலும் அவ்வாறே இருக்கிறது. அதை நம்பிக் குடும்பத் தலைவர் மாதக் கணக்குப் போட்டு, வங்கிக் கடனுக்கும் கையொப்பமிடுகிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரே ஓடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? காரில் பழுதா? அல்லது ஓட்டத் தெரியவில்லையா? பல இல்லங்களில் சச்சரவுக்கே இடமளிக்கும் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

அந்த எண் பிறக்கும் இடம்

அதிகாரப்பூர்வமான அந்த எண் எந்தச் சாலையிலும் பிறப்பதில்லை. சோதனைக் கூடத்தில் பிறக்கிறது. 1966-இல் தொடங்கப்பெற்று, புனே நகரில் இயங்கிவரும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தையே ஏ.ஆர்.ஏ.ஐ. என்று விளம்பரங்களில் காண்கிறோம். அதுபோன்ற கூடங்களில் காரின் சக்கரங்கள் பெரிய இரும்பு உருளைகளின்மேல் நிறுத்தப்படுகின்றன. சக்கரம் சுழலும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையிலும் காற்றிலும் கார் சந்திக்கும் தடைக்கு ஈடான சுமையை உருளைகளே கொடுக்கின்றன. எதிரேயுள்ள திரையில் ஒரு கோடு ஓடும். எந்த விநாடியில் எந்த வேகம் வேண்டும் என்பதை அக்கோடு காட்ட, பயிற்சி பெற்ற ஓட்டுநர் அதனைப் பிசகாமல் பின்பற்றுவார். வெளிவரும் புகையிலுள்ள கரியின் அளவைக் கொண்டு, செலவான எரிபொருளைக் கணக்கிடுவர்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கார்களுக்குப் பயன்பட்டு வந்துள்ள ஓட்டமுறை, பழைய ஐரோப்பிய முறையைத் தழுவி அமைந்தது. மொத்த நேரம் 1,180 விநாடி. அதாவது இருபது நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. தூரம் ஏறத்தாழ பத்தரைக் கிலோமீட்டர். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 32 அளவில். நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். அத்துணைப் பொறுமையாக நம்முள் யார் ஓட்டுகிறோம்? குளிர்சாதனம் இயங்காது. முன்னே லாரி இல்லை, குறுக்கே ஆடு இல்லை, வேகத்தடை இல்லை, பின்னிருக்கையில் மாமியாரும் மூட்டைகளும் இல்லை.

நம் சாலைகளின் இயல்பு

இனி நம் ஊருக்கு வருவோம். அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருப்பதால் சிமெண்ட் ஆலைகள் பல அங்கே எழுந்துள்ளன. கல் ஏற்றிய லாரிகளின் பின்னே, புழுதியில், இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஊர்ந்து செல்வது அச்சாலைகளில் அன்றாட அனுபவம். லாரியை முந்த ஒரு வேகம். முந்தியதும் வேகத்தடை கண்டு ஒரு பிரேக். மீண்டும் ஒரு வேகம். எரிபொருளைச் செலவிட்டுக் கூட்டிய வேகத்தை, பிரேக் மிதித்த நொடியில் வெப்பமாக்கி வீணடிக்கிறோம்.

பெரம்பலூர்ப் பக்கமோ இதற்கு நேர்மாறு. திருச்சி–சென்னை நெடுஞ்சாலை அகன்று கிடக்க, இளைஞரின் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எடுபடுவதில்லை. காற்றின் தடை, வேகம் கூடும் அளவிலன்று, வேகத்தின் வர்க்க அளவில் கூடுவது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குச் சென்றால் வேகம் நான்கில் ஒரு பங்கே கூடுகிறது. காற்றுத் தடையோ பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. சோதனைக் கூடத்தின் உச்ச வேகமே 90 என்பதை இங்கே நினைவுகூர்க.

இதனோடு சித்திரை வெயில் சேர்கிறது. குளிர்சாதனத்தைச் சுழற்றும் ஆற்றலும் அதே எரிபொருளிலிருந்துதான் வரவேண்டும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்கு ஐவர் அமரும் காரில் எழுவராகச் செல்கிறோம். கூரைமேல் பாத்திரங்களையும் கட்டுகிறோம். பத்தியில் குறை இல்லை. பெட்ரோலும் குறையாமல் இருக்குமா?

எரிபொருளும் மாறியிருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்துள்ளது. கரும்பிலிருந்தும், நம் பெரம்பலூர் உழவர் மிகுதியாக விளைவிக்கும் மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் பொருள் அது. உழவருக்குச் சந்தையும், நாட்டிற்கு அந்நியச் செலாவணிச் சேமிப்பும் அதனால் உண்டு. ஆயினும் ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பெரிபொருளின் ஆற்றல், கலப்பற்ற பெட்ரோலைவிட நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு குறையும். அதற்கென அமைக்கப்பெற்ற புதிய எஞ்சின்களில் இழப்பு குறைவு. பழைய கார்களில் சற்றுக் கூடுதல்.

அயல்நாடுகளும் கண்ட அனுபவம்

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை, தன் சோதனை எண்கள் மக்களின் அனுபவத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, 1980-களின் நடுவிலேயே நகர ஓட்ட எண்ணை நூற்றுக்கு 10-உம், நெடுஞ்சாலை எண்ணை 22-உம் குறைத்து வெளியிடலாயிற்று. 2008-ஆம் ஆண்டு மாடல்கள் முதல், அதிவேகம், குளிர்சாதனம், கடுங்குளிர் ஆகியவற்றையும் சோதனையில் சேர்த்தது.

ஐரோப்பாவில் இந்த இடைவெளி 2001-இல் நூற்றுக்குப் பத்தை எட்டாதிருந்தது. பதினைந்து ஆண்டுகளில் நாற்பது அளவிற்கு வளர்ந்துவிட்டது. சாலைகள் கெட்டதால் அன்று. சோதனையில் தேறும் வித்தையில் நிறுவனங்கள் தேர்ச்சி பெற்றதால். பாடத்தைப் படியாமல் வினாத்தாளை மட்டும் படிக்கும் மாணவனைப் போன்றது இது. எனவே 2017 முதல், நீண்டதும் கடுமையானதுமான புதிய சோதனை முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும், 2021-இல் பதிவான பெட்ரோல், டீசல் கார்கள் அறிவித்த அளவைவிட நூற்றுக்கு இருபது பங்கு கூடுதலாகக் கரிப்புகை வெளியிட்டதாக ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிவித்தது. புகை கூடினால் எரிபொருளும் கூடிற்று என்பது பொருள்.

வெறும் இடைவெளி வேறு, வஞ்சகம் வேறு. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் ஏறத்தாழ 6,25,000 சிறு கார்களின் சோதனை விவரங்களைத் திரித்ததாக 2016-இல் தானே ஒப்புக்கொண்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற விளம்பரத்தை நம்பி 2014-இல் டீசல் கார் வாங்கிய ஒரு பெண்மணி திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடினார். வல்லுநர் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்தது 19.6 கிலோமீட்டரே. 2022-இல் அவருக்கு மூன்று இலட்ச ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்க ஆணையம் தீர்ப்பளித்தது. எளியவரும் நியாயம் கேட்கலாம் என்பதற்கு இது சான்று.

குடும்பக் கணக்கு

அப்படியாயின் அதிகாரப்பூர்வ எண் பயனற்றதா? அன்று. எல்லாக் கார்களும் ஒரே உருளையில், ஒரே விதியின்படி ஓடியவை. ஆகவே ஒரு காரை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அந்த எண் தக்க அளவுகோலே. ஆனால் நம் வீட்டு மாதச் செலவைத் திட்டமிட அது தக்கதன்று. இவ்வேறுபாட்டை உணராததே துன்பத்திற்கு வேர்.

ஓர் எடுத்துக்காட்டு. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் கார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று கொள்வோம். காகிதத்தில் 24 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர், 5,000 ரூபாய். சாலையில் 16 என்றால் 75 லிட்டர், 7,500 ரூபாய். மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், செலவு பாதியளவு கூடிவிடுகிறது! ஆண்டுக்கு 30,000 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் இது சிறு தொகையா?

வாடகைக் கார் ஓட்டும் நம் சகோதரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வேளாங்கண்ணிப் பயணத்திற்கு, போக வர 300 கிலோமீட்டர் என்று கொண்டு, காகித எண்ணை நம்பி வாடகை பேசினால், பெட்ரோலுக்கு மட்டும் 625 ரூபாய் கைவிட்டுப் போகும். அவர் அன்று எதிர்பார்த்த கூலியில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

முதலாவது, கார் வாங்குமுன் நிறுவனம் சொல்லும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து மாதக் கணக்குப் போடுங்கள். சாலையில் அதற்கு மேல் கிடைத்தால் மகிழ்ச்சி. குறைந்தால் மட்டுமே கவலை. அதே காரை நம் ஊரில் வைத்திருப்போரிடமும் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, நீங்களே அளந்து பாருங்கள். ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, குழாய் தானே நின்றவுடன் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அங்கேயே அவ்வாறே நிரப்புங்கள். 512 கிலோமீட்டர் ஓடி, 32 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 16. ஒரு முறை பார்த்தது போதாது; நான்கைந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். பங்கின் அளவில் ஐயம் தோன்றினால், ஐந்து லிட்டர் அளவைக் கலத்தில் அளந்து காட்டுமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

மூன்றாவது, நம் கையிலுள்ளதைச் செய்வோம். டயரில் காற்று குறையாமல் பார்ப்பதும், வேண்டாத சுமையை இறக்குவதும், இரயில்வே கேட்டில் எஞ்சினை அணைப்பதும் எளியவையே. 1978-இல் ஏற்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று கூறிவருகிறது. நெடுஞ்சாலையில் அது இயலாதெனினும், 100-ஐ 80 ஆக்குவது இயலும். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்வதற்குள் அதனால் இழப்பது பத்து நிமிடத்திற்கும் குறைவே. காப்பதோ பெட்ரோல் மட்டுமன்று, உயிருமாம்.

இறுதியாக, கார் விற்பனைக் கூடங்களில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர்களுக்கும், பழைய கார் கைமாற்றிவிடும் தரகர்களுக்கும் ஒரு சொல். "இது சோதனைக் கூடத்து எண், நம் சாலையில் இவ்வளவுதான் கிடைக்கும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பாருங்கள். ஒரு விற்பனை தவறினும் தவறலாம். ஆனால் கடன் வாங்கிக் கார் வாங்கும் குடும்பம் உங்கள் சொல்லை நம்பியே கையொப்பமிடுகிறது. குறைபட்ட படியால் அளப்பது பிழை என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். கிலோமீட்டரிலும் லிட்டரிலும் அளக்கும் இக்காலத்திலும் அது பிழையே.