திரையில் விளைந்த உறவு

புதுப்பட்டினத்துக் கடற்கரையில், மணல்மேட்டின்மேல் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால், கணுவுக்குக் கணு வேர் இறங்கி, காற்று வாரிக்கொண்டு போகாதபடி அது மணலைப் பற்றியிருப்பது தெரியும். அக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலை நிறுத்தி வைத்த பின்னரே மற்றச் செடிகளுக்கு அங்கே வேரூன்ற இடம் கிடைக்கிறது. ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு ஆதாரமாகும் இந்த உறவு ஆதியில் எவ்வாறு தோன்றியது என்பதை, நூறாண்டுகூட நிறையாத மனித ஆயுளில் எவரும் உடனிருந்து கண்டதில்லை. அந்தக் காட்சியின் சாயலையேனும் நம் கண்முன் நிறுத்தும் கருவியாகக் கம்ப்யூட்டர் வாய்த்திருக்கிறது.

மழைக்காடுகளில் ஆராய்ச்சி செய்துவந்த டாம் ரே என்னும் அமெரிக்க விஞ்ஞானி, 1990-ல், தன்னைத் தானே பிரதி செய்துகொள்ளும் 80 கட்டளைகள் கொண்ட ஒரு சிறு நிரலைக் கம்ப்யூட்டரில் விதைத்து, பிரதியெடுக்கையில் அவ்வப்போது பிழை நேரும்படி ஏற்பாடு செய்தார். பிழைகள் பெருகப் பெருக, 45 கட்டளைகளே உடைய ஒட்டுண்ணிகள் தோன்றி, பிரதியெடுக்கும் திறன் தமக்கு இல்லாமையால் அண்டை நிரலின் கட்டளைகளைக் கொண்டே தம் இனத்தைப் பெருக்கலாயின. ஒட்டுண்ணியை அவர் எழுதவில்லை. அது தானே விளைந்தது.

நம் நாட்டிலும் இத்துறையில் அரிய பணி நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சஞ்சய் ஜெயினும் சந்தீப் கிருஷ்ணாவும் அமைத்து 1998-ல் வெளியிட்ட மாதிரியில், எது எதற்குத் துணை என்பது யதேச்சையாக நிர்ணயிக்கப்பட்ட 100 இனங்கள் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஜனத்தொகையில் மிகக் குறைந்த இனம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் புதியதொன்று யதேச்சையான உறவுகளுடன் நுழையும். நெடுநேரம் விசேஷமாக எதுவும் நிகழ்வதில்லை. பிறகு ஒரு சுற்றில், முதலாவது இரண்டாவதற்கும் இரண்டாவது முதலாவதற்கும் துணையாக ஒரு சிறு வளையம் தற்செயலாக அமைந்துவிட்டால், அதன் பலத்தில் அவை தழைக்க, அவற்றை அண்டிய இனங்களும் தழைக்க, நாளடைவில் அத்தனை இனங்களும் அந்தப் பரஸ்பர உதவியில் பிணைந்துவிடுகின்றன.

இதைக்காட்டிலும் ஆழமான பாடம் அவர்கள் 2002-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. எல்லா இனங்களும் பிணைந்து செழித்திருக்கும் வேளையில், எண்ணிக்கையில் கடைசியாக நின்ற காரணத்தால் நீக்கப்படும் இனம், சில சமயங்களில், மூல வளையத்தின் இன்றியமையாத கண்ணியாகவே அமைந்துவிடுகிறது. அது போனதும் வளையம் அறுந்து, அதை நம்பி வாழ்ந்த இனங்கள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. தலையெண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் உயிரின் தகுதியை அளப்பது எத்துணைப் பெரிய தவறு என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு உணர்த்தியது வேறில்லை.

திரையில் அழிந்த உலகத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிடலாம். கடற்கரைக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை கரையோரத்தில் மனை திருத்துவோரும் விடுதி கட்டுவோரும், மணல்மேட்டைச் சமன் செய்யுமுன், குப்பையென்று தோன்றும் அந்தக் கொடியின் ஒரு கணுவையேனும் தூக்கிப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.