உஷார்! பெல்ட் அறுந்தால் பிரேக் பிடிக்காது

ஏறி இறங்கும் இசட் ஆக்சிஸை டைமிங் பெல்ட்டில் தொங்கவிட்டிருக்கிறீர்களா? முதலில் அதற்குக் கீழே யாரும் கை வைக்காதபடி ஒரு தடுப்புப் போடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். “மோட்டாரில் பிரேக் இருக்கிறதே” என்பீர்கள். பிரேக் பிடித்து நிறுத்துவது மோட்டார் ஷாஃப்ட்டை மட்டும்தான். பெல்ட் அறுந்தால் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். அதில் தொங்கும் ஹெட் ஆபரேட்டரின் கைமேல் விழும். செங்குத்து ஓட்டத்துக்கு ஸ்க்ரூ போடுங்கள். பெல்ட்தான் என்றால் ஹெட்டையே பிடிக்கிற தனிப்பூட்டு வேண்டும்.

ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை இப்போது மின்வாகன, எலெக்ட்ரானிக்ஸ் காலம். ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரை ஒட்டி டாடா எலெக்ட்ரானிக்ஸ். பசை ஊற்ற, ஸ்க்ரூ முடுக்க, கேமராவை நகர்த்த என்று இந்தத் தொழில்களில் வரும் வேலைக்கு, குறுக்குச் சட்டத்தில் ஹெட்டைப் பெல்ட்டால் நகர்த்தும் இலகு கேன்ட்ரி பொருத்தமானதுதான். சிக்கல், அதைச் செய்கிற வரிசையில். ரெயில், மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் முடிவான பிறகு, மிச்சப் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதுதான் பெல்ட்.

ஒரு கணக்கு போடுங்கள். நகரும் எடை 8 கிலோ. 0.1 வினாடியில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் எட்ட வேண்டும். உராய்வை விட்டுவிட்டாலும் பெல்ட் இழுக்க வேண்டியது 80 நியூட்டன். 3டி பிரின்டரில் பார்த்துப் பழகிய 2 மி.மீ. பிட்ச், 20 பல் புல்லி என்றால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ.; மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றிக்கொண்டே அரை நியூட்டன் மீட்டர் முறுக்கு தர வேண்டும். ஸ்டெப்பரின் விளம்பரத்தில் இருப்பதோ நின்ற நிலையில் தாங்கும் முறுக்கு. வேகம் ஏற ஏற அது சரிந்துவிடும். பெல்ட்டிலும் அறுபடும் பலத்தைப் பார்க்காதீர்கள். கேட்டலாக்கில் ஓடும்போது தாங்கும் பலம் என்று தனியாக இருக்கும், அது மிகக் குறைவு.

இன்னொரு கண்ணி, பிட்ச். டி5, ஏடி5, எச்டிடி 5எம் மூன்றுக்குமே 5 மி.மீ.தான். மாற்றிப் போட்டாலும் பெல்ட் புல்லியில் உட்கார்ந்த மாதிரியே தெரியும். பல் வடிவம் வேறு என்பதால் ஆட்டம் கொடுக்கும், சீக்கிரம் தேயும், பாரம் ஏறினால் ஒரு பல் தாவும். தாவினால் 5 மி.மீ. பிழை. குளோஸ்டு லூப் மோட்டாரும் அதைக் கண்டுபிடிக்காது. என்கோடர் இருப்பது மோட்டார் பின்னால், பல் தாவியது அதற்கு அப்பால். பசை தப்பான இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும், திரையில் எல்லாம் சரி என்றே காட்டும். புல்லியில் ஒரே நேரத்தில் 6 பல்லாவது பிடித்திருக்கட்டும். பெல்ட் முனையைக் கவ்வும் கிளாம்பிலும் அப்படியே.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பெல்ட் வாங்கி, மடித்து பைக் பாக்ஸில் திணித்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே கண்ணாடி இழை இருந்தால் அந்த மடிப்பிலேயே அது உடைந்திருக்கும். வெளியே ரப்பர் புதிதாகவே பளபளக்கும். ஸ்டீல் கம்பி போட்டது வலுவானது என்று நினைத்து, அதைச் சின்ன ஐட்லர் புல்லியில் வளைத்து ஓட்டினால் கம்பி களைத்து ஒவ்வொன்றாக அறும்.

அகலமான கேன்ட்ரியை ஒரே பக்கம் இழுத்தால் மறுபக்கம் பின்தங்கிக் கோணும். இரண்டு பக்க புல்லியையும் குறுக்கு ஷாஃப்ட்டால் இணையுங்கள். டென்ஷனைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெல்ட்டைச் சுண்டினால் எழும் அதிர்வை செல்போன் ஆப் ஹெர்ட்ஸில் காட்டும். மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள பெல்ட்டில் அரை மீட்டர் நீளம் 58 ஹெர்ட்ஸ் அதிர்ந்தால் சுமார் 100 நியூட்டன். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும்.

வாங்கும்போது பில்லில் பல் வகை, பிட்ச், அகலம், உள்ளே இருக்கும் இழை, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் எழுதி வாங்குங்கள். வெறும் ‘டைமிங் பெல்ட் 5 மீட்டர்’ என்றிருந்தால், லைன் நின்றுபோன ராத்திரியில் மாற்று பெல்ட் தேடி ஓடும் மெயின்டனன்ஸ் பையன் கடையில் எதைக் கேட்பான்?