ஓய்வுநாளும் உடல்நலமும்

சிங்கப்பூரில் 1970களில் தொழிற்சாலைகள் பெருகின. பெண்கள் பலர் வேலைக்குச் செல்லத் தொடங்கினர். வீட்டில் குழந்தைகளையும் முதியோரையும் யார் கவனிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு தீர்வாக, வெளிநாட்டுப் பெண்களை வீட்டுவேலைக்கு அமர்த்தும் திட்டம் 1978ஆம் ஆண்டில் அறிமுகமானது. இன்று இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், இலங்கை, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்த 250,000க்கும் மேற்பட்டோர் இங்கே இல்லப் பணிப்பெண்களாக வேலை செய்கின்றனர். பிறர் குடும்பங்களின் நலனைப் பேணும் இவர்கள், தங்கள் நலனைப் பேணுவது அத்தனை எளிதாக இருப்பதில்லை.

இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணிப்பெண் நோயுற்றால் சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் அவரது கடமை. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல், இக்காப்புறுதியின் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. எனினும், கட்டாயக் காப்புறுதி மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. பல்வலி, மூட்டுவலி, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருந்தகம் செல்ல நேர்ந்தால், முதலாளியிடம் கேட்டுத்தான் செல்ல வேண்டும். கேட்பதற்கே பலர் தயங்குகின்றனர்.

பணிப்பெண்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்றிருக்கிறாரா, குறிப்பிட்ட தொற்றுநோய்கள் உள்ளனவா என்பவற்றை அறிவதே இதன் முதன்மை நோக்கம். 2021ஆம் ஆண்டு முதல், உடல் எடை குறைந்துள்ளதா, காரணம் தெரியாத காயங்கள் உள்ளனவா என்பவற்றையும் மருத்துவர்கள் கவனிக்கின்றனர். இது நல்ல முன்னேற்றம். ஆயினும், முதியவரைத் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலியையோ, பிள்ளைகளைப் பிரிந்த ஏக்கத்தால் வந்த மனச்சோர்வையோ இப்பரிசோதனை தானாகக் கண்டுபிடித்துவிடாது. அவற்றை அந்தப் பெண்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அவர் ஏன் சொல்வதில்லை? இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் பணத்தில் இருக்கிறது. பலர் பயிற்சி, பயணம், முகவர் கட்டணம் ஆகியவற்றுக்காகக் கடன்பட்டே புறப்படுகின்றனர். முதல் சில மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. எஞ்சிய பணத்தை ஊரில் இருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பெற்றோரின் மருந்துக்கும் அனுப்புகின்றனர். இவர்களின் வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு பிணைக்கப்பட்டுள்ளது. வேலை போனால் நாடு திரும்ப நேரலாம். கடனோ அப்படியே நிற்கும். அதனால், "உடம்பு முடியவில்லை" என்று சொல்வதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று பலர் முடிவு செய்கின்றனர். தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் நோய், அந்த மௌனத்தில் வளர்கிறது. முற்றிய பின் சிகிச்சைக்குச் செல்லும்போது செலவும் கூடுகிறது, வேலையும் போகிறது. இவ்வாறு வறுமை நோயை வளர்க்க, நோய் வறுமையை வளர்க்கிறது.

பணத்தைப் போலவே நேரமும் இங்கு முக்கியம். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வேலை செய்யும் இடமே தங்கும் இடமாக இருப்பதால், ஒரு நாளின் வேலை எப்போது முடிகிறது என்று சொல்வதும் கடினம். 2013ஆம் ஆண்டில் வாரந்தோறும் ஓர் ஓய்வுநாள் வழங்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால், பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வுநாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம். கடனை விரைவில் அடைக்க விரும்பிய பலர் ஓய்வைப் பணமாக மாற்றிக்கொண்டனர். இதைக் கருத்தில்கொண்டு, மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது பணத்துக்கு ஈடாக விட்டுக்கொடுக்க முடியாதபடி 2023ஆம் ஆண்டு ஜனவரியில் விதி மாற்றப்பட்டது.

ஓய்வுநாள் என்பது வெறும் பொழுதுபோக்கு நாளன்று. அன்றுதான் அவர் தம் மொழி பேசும் தோழிகளைச் சந்திக்கிறார். எந்த மருந்தகத்துக்குச் செல்லலாம், சம்பளம் குறைந்தால் யாரிடம் உதவி கேட்கலாம் என்பன போன்ற செய்திகள் அங்கேதான் கிடைக்கின்றன. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குச் சட்டம் தரும் உரிமையும் எட்டாக்கனியாகிவிடும்.

இது சிங்கப்பூரில் மட்டும் காணப்படும் நிலையன்று. 2019ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 75.6 மில்லியன் பேர் வீட்டுவேலை செய்தனர் என்றும் அவர்களுள் நான்கில் மூவர் பெண்கள் என்றும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வீட்டுவேலையும் பிற வேலைகளைப் போன்ற வேலையே என்பதை வலியுறுத்தி, அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

சட்டங்கள் வழியைத் திறந்துவிடுகின்றன. அந்த வழியில் ஒரு பெண் நடந்து செல்ல முடியுமா என்பது பல வேளைகளில் அவர் வேலை செய்யும் வீட்டைப் பொறுத்தே இருக்கிறது. "உடம்புக்கு என்ன?" என்று முகம் பார்த்துக் கேட்பதும், வலி என்று சொன்னவரை அன்றே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வதும், நோயுற்றதற்காக வேலையிலிருந்து அனுப்பிவிட மாட்டோம் என்று உறுதி கூறுவதும் அந்த வீட்டாரின் கையில் உள்ளன.