சூடாமணி விகாரை: காட்சியும் கட்டடமும்

வவுனியாத் தொல்பொருள் நூதனசாலையிலுள்ள புத்தர் சிலைகள் எந்தக் கட்டடத்தில் நின்றன, அக்கட்டடத்தை எவருடைய உழைப்புத் தாங்கிற்று என்னும் வினாக்களுக்குக் காட்சிக்கூடத்தில் விடை தேடுவது எளிதன்று. இப்பிரச்சினை வன்னிக்கு மட்டும் உரியதுமன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையைக் கொண்டு இதனை விளக்க முயல்கின்றோம்.

அங்கு 1856 முதல் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. விகாரையோ இன்றில்லை. அதன் எச்சமெனப் பொதுவாகக் கொள்ளப்படும் மூன்றடுக்குச் செங்கற் கோபுரத்தை 1846இல் வால்டர் எலியட் கண்டார். 1867இல், அரசின் அனுமதியுடனேயே, இயேசு சபையினர் அதனை இடித்தனர்.

எனவே விகாரையின் பொருளியல் அடித்தளத்தை அறிய ஆனைமங்கலச் செப்பேட்டையே நாடவேண்டியுள்ளது. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய இவ்விகாரைக்கு முதலாம் இராசராசன் 1006 அளவில் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தான்: 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம், 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். பிடி சூழ்ந்து எல்லை வகுத்த சடங்கைச் செப்பேடு விரிவாகவே கூறுகின்றது. நெல்லை விளைவித்தோரோ கணக்கின் எண்ணாகவே எஞ்சினர். கடல்வணிகத்தின் சின்னமாக மட்டும் இவ்விகாரையைப் போற்றுவோர் இவ்வெண்ணைக் கடந்துசென்றுவிடுகின்றனர். படிமத்தின் காலமும் உலோகமும் குறிக்கப்படும் விவரச்சீட்டில் இந்நெல்லின் அளவும் எழுதப்படல் வேண்டும் என்பது எமது கருத்து.