சொரியாசிஸ்: தொட்டால் ஒட்டாது!



முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளையாய்ச் செதில் உதிரும் நோயைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் இதைச் சொரியாசிஸ் என்பார்கள்; சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை. "ஒட்டிக்கும், தள்ளி நில்லு" என்று தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. இது அநியாயம். தொட்டாலும் கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் இந்நோய் ஒட்டாது. ஆனால் படர்தாமரை ஒட்டும். ஆகவே முதலில் கிளினிக்கில் காட்டி, எந்த நோய் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் மேல்தோல் ஏறக்குறைய 28 நாளில் புதுப்பித்துக்கொள்ளும். சொரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, சில நாட்களிலேயே புதுத்தோல் வந்து குவிகிறது. அதுதான் செதில். இதை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க முடியும்.

வேலை முடிந்ததும் உரமும் களைக்கொல்லியும் பட்ட உடம்பை உடனே கழுவுங்கள். கொதிக்கிற வெந்நீர் வேண்டாம். ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். சொறியாதீங்க, செதிலை உரிக்காதீங்க. காயம் பட்ட இடத்தில் புதுப்படை கிளம்பும். காலை வெயில் கொஞ்ச நேரம் நல்லது. தோல் கருகுமளவு ஆகாது. சம்சுவும் சிகரெட்டும் நோயைக் கிளறிவிடும். உடல் பருமன் குறைந்தால் படையும் தணியும்.

கற்றாழைச் சோறு, வெட்பாலைத் தைலம் சிலருக்கு இதம் தரும். முதலில் சிறு இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள், எரிந்தால் விட்டுவிடுங்கள். இவை டாக்டர் மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

"ஒரே மாதத்தில் குணம்" என்று சந்தையில் விற்கிற பொடியை நம்பாதீங்க. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாயமாய் மறையும்; நிறுத்தியதும் முன்னைவிட மோசமாய்த் திரும்பும். பாட்டிலில் 'மால்' என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லையா? வாங்காதீங்க.

காலையில் விரல் மூட்டு வீங்கி மடங்க மறுத்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டு கெட்டுப்போனால் உளி பிடிக்க முடியாது. உடம்பு முழுதும் சிவந்து காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனக்கவலையும் இந்நோயை வளர்க்கும். அதனால், பக்கத்து வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒதுக்காதீங்க. கூப்பிட்டு, கூட உட்கார வைத்துச் சாப்பிடுங்கள்.