கணினித் திரையில் ஒரு கோல்ப் திடல்

  

கைப்பேசியிலும் கணினியிலும் விளையாடத் தெரிந்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு உள்ளனர். ஆனால், அவ்விளையாட்டுகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே ஆவர். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, கணினியில் கோல்ப் திடல் அமைக்கும் கலையை எடுத்துக்கொள்வோம். நம் கூலாய் வட்டாரத்தில் பண்டார் புத்ராவிலும் செனாயிலும் கோல்ப் திடல்கள் அமைந்ததை நாம் அறிவோம். ஆதலின், இப்பொருள் நமக்குப் புதியதன்று.

கோல்ப் திடலின் இயல்பு

கோல்ப், ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டமாகும். அது 1829இல் கல்கத்தாவிலும் 1893இல் கோலாலம்பூரிலும் சங்கம் கண்டது. ஒரு முழுத் திடலில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் விட்டமும் 108 மில்லிமீட்டர். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது. பந்தை அடிக்கத் தொடங்கும் மேடை, வெட்டிய புல்வழி, இடையிடையே மணற்குழி, நீர்நிலை, இறுதியில் குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தளம் என்பன திடலின் உறுப்புகளாம். எந்த மேடு பந்தைத் தடுக்கும், எந்தச் சரிவு அதை உருட்டிச் செல்லும் என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி.

விளையாட்டுப் பொறி என்பது யாது?

1984இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஒரு கோல்ப் ஆட்டத்தை வெளியிட்டது. 18 குழிகளையும் ஒரு சிறு பேழையின் நினைவகத்தில் அடக்கிக் காட்டியவர் சத்தோரு இவாத்தா என்னும் இளைஞர். அவரே பின்னர், 2002இல், அந்நிறுவனத்தின் தலைவரானார். அந்நாளில் ஓர் ஆட்டத்திற்கு வேண்டிய கட்டளைகள் அனைத்தையும் முதலிலிருந்தே எழுத வேண்டியிருந்தது.

இன்று அந்நிலை இல்லை. புவியீர்ப்பு, மோதல், ஒளி, நிழல், ஒலி ஆகியவை எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவானவை. இவற்றை முன்னரே எழுதி வைத்து, எவரும் எடுத்தாள வழி செய்யும் மென்பொருளே ‘கேம் என்ஜின்’ ஆகும். தமிழில் விளையாட்டுப் பொறி எனலாம். தோட்டத்து டிராக்டர் செம்பனைக் குலைகளையும் இழுக்கிறது. தண்ணீர்த் தொட்டியையும் இழுக்கிறது. இயந்திரம் ஒன்றே, பின்னால் பூட்டும் வண்டிதான் வேறு. விளையாட்டுப் பொறியும் அத்தகையதே.

டென்மார்க்கில் உருவாகி 2005இல் வெளிவந்த ‘யூனிட்டி’ இத்தகைய பொறிகளுள் ஒன்று. இதில் ‘சி ஷார்ப்’ என்னும் கணினி மொழியில் கட்டளைகள் எழுதப்படுகின்றன. பொருள் கீழே விழும் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.81 மீட்டர் கூடும் என்னும் இயற்கை விதி இதில் முன்னரே பதிந்துள்ளது. பொறியானது 0.02 விநாடிக்கு ஒருமுறை பந்தின் இடத்தைக் கணக்கிடுகிறது. பந்து 5 விநாடி வானில் இருந்தால் எத்தனைக் கணக்குகள்? மாணவர்களே, வகுத்துப் பாருங்கள். 250 என விடை வரும்.

‘ஜிஎஸ்புரோ’ என்னும் கோல்ப் மென்பொருளுக்கு யூனிட்டியைக் கொண்டே திடல்கள் அமைக்கப்படுகின்றன. ஆடுபவர் ஓர் அறைக்குள் நின்று உண்மையான பந்தைத் திரையை நோக்கி அடிப்பார். அதன் வேகத்தையும் சுழற்சியையும் ஒரு கருவி அளக்கும். பந்து எங்குச் சென்று விழும் என்பதைத் திரை காட்டும். அத்திடல்களில் பல, ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே தாமாகக் கற்று உருவாக்கியவை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் இத்தகைய திரைத் திடல்களில் ஆடும் தொழில்முறைப் போட்டியே தொடங்கிவிட்டது.

நிலத்தை எண்ணாக்குதல்

திடல் அமைப்பவர் முதலில் நிலத்தின் மேடு பள்ளங்களைக் கணினிக்கு எண்களாகத் தருதல் வேண்டும். சதுரக் கட்டங்கள் இட்டு, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் குறிப்பர். 1,024 மீட்டர் நீள அகலமுள்ள நிலத்தில் மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால், வரிசைக்கு 1,025 புள்ளிகள்; மொத்தம் 10,50,625 புள்ளிகள்!

இவ்வளவையும் கையால் அளத்தல் இயலாது. விமானத்திலிருந்து ஒளிக்கதிரைச் செலுத்தி அளக்கும் முறை உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எண்டவர்’ விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்தது. நம் ஜொகூரும் அதில் அடங்கும். அவ்வளவுகளை இன்று எவரும் இலவசமாகப் பெறலாம். ஆயினும், அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியே உண்டு. மேலும், அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் ரேடார் அலை பெரும்பாலும் இலைத் திரளில் பட்டே திரும்பியது. செம்பனைக் காட்டின் அடியில் உள்ள வாய்க்காலை அது காணவில்லை. அதனைக் காண்பதற்கு நிலத்தில் நடந்தவரே வேண்டும்.

தோட்ட மக்களின் அறிவு

நிலத்தில் நடந்தவர் யாவர்? நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அல்லரோ! எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும், எந்தச் சரிவில் மண் அரிக்கும், எங்கு வடிகால் வெட்டினால் நீர் ஓடும் என்பன அவர்களுக்கு அத்துப்படி. குன்றுச் சரிவுகளில் படிபடியாக வெட்டி, நிரை பிடித்துக் கன்று நட்டவர்கள் அவர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மண்ணை அறியாதவர் அமைக்கும் திரைத் திடலும் அத்தகையதே. அதில் குளம் மேட்டில் இருக்கும், பந்து மேல்நோக்கி உருளும்!

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட பின்னர், கோயில் எங்கிருந்தது, பால் நிறுத்த கொட்டகை எங்கிருந்தது, பிரட்டுக்கு நின்ற களம் எது என்பதைக் கூற முதியவர்களின் நினைவு ஒன்றே எஞ்சுகிறது. அவர்களும் மறைந்துவிட்டால் எவரிடம் கேட்பது? கோல்ப் திடலைத் திரையில் எழுப்பும் அதே கருவியால் ஒரு தோட்டத்தையும் எழுப்பலாம். புல்வழிக்குப் பதில் பால்மர நிரை, மணற்குழிக்குப் பதில் கிணறு, அவ்வளவே வேறுபாடு.

எவ்வாறு தொடங்குவது?

தொடக்கப்பள்ளி மாணவர்கள் நேரே யூனிட்டிக்குச் செல்ல வேண்டியதில்லை. முதலில் பள்ளித் திடலை அளவு நாடாவால் அளந்து, கட்டத்தாளில் வரையுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயைக் கொண்டு உயர வேறுபாட்டைக் குறியுங்கள். அடுத்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளில் ஒரு பந்தை உருட்டிப் பழகுங்கள். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் மரமும் கட்டடமும் வடிக்க ‘பிளெண்டர்’, அவற்றை இயக்க யூனிட்டி என முன்னேறலாம். பிளெண்டர் முற்றிலும் இலவசம்; யூனிட்டியையும் கற்போர் கட்டணமின்றிப் பெறலாம். கணிதமும் ஆங்கிலமும் இதற்கு இரு கால்கள் போன்றவை என்பதை மறவாதீர்.

பெற்றோர்களே! இதற்குக் கைப்பேசி போதாது. ஓரளவு திறன்மிக்க கணினி வேண்டும். அது எல்லார் வீட்டிலும் இருத்தல் அரிது. எனினும், பல குடும்பங்கள் சேர்ந்து பொது மண்டபத்தில் ஒரு கணினியை வைத்தால், பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். பிள்ளை திரையின் முன் அமரும்போது, “இன்று எத்தனைப் புள்ளி எடுத்தாய்?” என்பதோடு நில்லாமல், “இன்று என்ன செய்தாய்?” என்றும் கேளுங்கள்.

மாணவர்களே! வரும் விடுமுறையில் ஓர் அளவு நாடாவும் கட்டத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். அவர்கள் காட்டும் இடங்களை அளந்து, பெயருடன் குறித்து வையுங்கள். கணினி பின்னர் வந்தாலும் குறையில்லை. அளவுகளை இப்பொழுதே எடுத்துவிடுவோமாக!